ஜன்னலுக்குக் கீழே ஈரம்

வார்டில் என் வாய் தாங்காமல்தான் என்னை வெளியே அனுப்பினார்கள் என்று கூட வேலை பார்த்த நர்சுகள் கேலி செய்வார்கள். காரணம் எதுவோ, தொண்ணூறுகளின் நடுவில் அரபு நாட்டில், ஃபஹாஹீலில் நான் வேலை பார்த்த கிளினிக், பிரசவமான பெண்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் டூட்டியை எனக்குக் கொடுத்தது. ஒரு தோள்பை, அதற்குள் தெர்மாமீட்டர், பஞ்சு, மருந்து, பிள்ளையைத் துணித்தொட்டிலில் போட்டுத் தொங்கவிட்டு எடை பார்க்கும் கொக்கித் தராசு. கடற்கரைச் சாலையிலிருந்து நாலு தெருவுக்குள்தான் எல்லா வீடுகளும் என்பதால் நடந்தே போவேன்.

அந்த ஜூலையில் என் லிஸ்டில் ஒரு கீழக்கரைப் பெண் இருந்தாள். வயது இருபத்தொன்று, தலைப்பிரசவம், ஆண் குழந்தை. புருஷன் துணிக்கடை வைத்திருந்தார். மூன்றாம் மாடியில் ஒரே ஒரு பெட்ரூம். ஊரிலிருந்து உதவிக்கு யாரும் வரவில்லை. விசா கிடைக்கவில்லை.

முதல் நாள் கதவைத் திறந்ததும் வெந்நீர் அண்டாவுக்குள் தலையை விட்டது போலிருந்தது. ஏசி அணைந்து கிடந்தது. கட்டிலில் அந்தப் பெண் ஸ்வெட்டர், சாக்ஸ், காதில் பஞ்சு, தலையில் கம்பளி ஸ்கார்ஃப் சகிதம் வியர்த்து வழிந்துகொண்டிருந்தாள். குழந்தை மூன்று துணிக்குள் ஒரு பொட்டலம். முகம் செக்கச்செவேலென்று இருந்தது, கழுத்தெல்லாம் வேர்க்குரு.

"எம்மா, என்ன கூத்து இது? பிள்ளைய பெத்தியளா, இட்லி அவிக்கியளா?" என்றேன்.

"உம்மா போன்ல சொன்னாஹ சிஸ்டர். நாப்பது நாளைக்குக் குளிர் காத்து மேல படக் கூடாதுண்டு. பட்டா காலம் பூரா இடுப்பு வலி நிக்குமாம்."

நானே ஏசியைப் போட்டேன், பொட்டலத்தைப் பிரித்தேன். லேசாகக் காய்ந்த உடம்பு அரை மணி நேரத்தில் ஆறியது. உடனே பாலையும் குடித்தான். இப்படியே இருக்க வேண்டும் என்று மிரட்டிவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் போனபோது ஏசி ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் தண்ணீர் ஜாடியைத் தொட்டால் சுட்டது, தலையணையும் சுட்டது. பிள்ளை கண்ணைத் திறக்கச் சோம்பினான், நனைந்த துணி காலையிலிருந்து ஒன்றே ஒன்று. பிறக்கும்போது இரண்டு கிலோ தொள்ளாயிரம் இருந்தவன் இப்போது இரண்டு அறுநூறு. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அங்கிருந்தே டாக்டருக்குப் போன் செய்தேன். "இப்போதே ஒரு தரம் தூக்கி வரச் சொல்லுங்கள். பால் குடிக்கிறானென்றால் புதன்கிழமை வரை பார்ப்போம். அன்றைக்கும் எடை ஏறவில்லையென்றால் அட்மிஷன்தான்" என்றார்.

அட்மிஷன் என்றால் என்ன என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். குழந்தைகள் வார்டில் பிள்ளை கண்ணாடிக்கு அந்தப் பக்கம். தாய் பால் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் உள்ளே போகலாம். அவள் அழவில்லை. பிள்ளையின் காலை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

புருஷன் டாக்சி பிடிக்க ஓடினார். நானும் கூடவே கீழே இறங்கி நின்றபோதுதான் விஷயம் கண்ணில் பட்டது. கடலோர ஊரில் கோடையில் காற்று முழுக்க ஈரம். ஜன்னல் ஏசி ஒவ்வொன்றும் குழாய் மாதிரி ஒழுகும். எல்லா ஜன்னலுக்குக் கீழேயும் நடைபாதை நனைந்து கிடந்தது. இவர்கள் ஜன்னலுக்குக் கீழே மட்டும் நாலே நாலு சொட்டு. ஏசி தண்ணீரில் கார் கழுவுகிற எகிப்துக்கார வாட்ச்மேன் தன் வாளியை அங்கிருந்து எடுத்து அடுத்த ஜன்னலுக்குக் கீழே வைத்திருந்தார். ஆக, நான் பெல் அடித்தால் ஏசி ஓடும், நான் படியிறங்கினால் நிற்கும்!

டாக்டர் பார்த்து, பால் குடிக்க வைத்து, புதன்கிழமை வரை தவணை கொடுத்து அனுப்பினார். திரும்பி வந்ததும் அவர்கள் வீட்டு நடுவில் நின்று ஒரு பாட்டம் தீர்த்தேன். புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண்தான் வாயைத் திறந்தாள்.

"உங்களுக்கென்ன சிஸ்டர், நீங்க புள்ள பெத்ததில்ல. உம்மாவும் பக்கத்துல இல்ல. அஹ சொன்னதையும் கேக்காட்டி நா யாரத்தான் கேக்க?"

சுருக்கென்றது. எனக்கு அப்போது இருபத்தெட்டு, கல்யாணம்கூட ஆகவில்லை. அதைவிட, அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"சரி, உம்மா சொன்னத உம்மாவுக்கு மகள் கேக்கட்டும். நீங்க ஸ்வெட்டரு போடுங்க, சாக்ஸ் போடுங்க, காதுல பஞ்ச அடைங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு ஒத்தச் சட்ட போதும். ஏசியக் கொறைச்சு வைங்க, காத்து மேல படாம மோட்டுவளையப் பாத்துத் திருப்பி வைங்க. ரெண்டு மணிக்கூருக்கு ஒருக்கப் பால் குடுங்க. சம்மதமா?"

தலையாட்டினாள். ஆனாலும் எனக்கு நம்பிக்கை இல்லை. அடுத்தடுத்த நாட்களில் படியேறும் முன் ஜன்னலுக்குக் கீழே ஈரம் இருக்கிறதா என்று துப்பறிந்துவிட்டுத்தான் ஏறினேன். நன்றாக நனைந்திருந்தது. வாளியும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

புதன்கிழமை காலை தராசோடு போனேன். நடைபாதை துளி ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்துக் கையை விரித்து, "மாஃபி மோயா, சிஸ்டர்" என்று சிரித்தார். தண்ணீரே இல்லையாம். சாட்சியும் கிடைத்த பிறகு எனக்கென்ன தாமதம்? மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறி, பெல்லை அழுத்திய விரலை எடுக்காமல் நின்றேன்.

கதவைத் திறந்த புருஷனை ஒரு வார்த்தை பேச விடவில்லை. "இன்னைக்குன்னு பாத்து அணைச்சிட்டியளா? பிள்ள மேல கொஞ்சமாவது இரக்கம் இருக்கா உங்களுக்கு?" என்று கத்திக்கொண்டே பெட்ரூமுக்குள் நுழைந்தேன். நுழைந்ததும் குளிர்ந்தது.

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஜாடியைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. கட்டிலில் ஒற்றைச் சட்டையோடு அவன் கையை விரித்துப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

"இப்பத்தான் கண்ணசந்தான் சிஸ்டர். வெளிய போயி ஏசி முடிச்சிட்டு வாங்க."

பிறகு ஜன்னலைக் காட்டினாள். "ராத்திரியே காத்து மாறிருச்சு. பாலைவனக் காத்து. எதுத்தாப்புல பாருங்க, எந்த ஏசியில சொட்டுது?"

எட்டிப் பார்த்தேன். வானம் புழுதியில் மஞ்சளாக இருந்தது. தெரு முழுக்க ஏசிகள் ஓடிக்கொண்டிருந்தன, எதிலும் ஒரு சொட்டு இல்லை. காற்றில் ஈரமே இல்லாத நாளில் ஏசி எதைச் சொட்டும்? மூன்று கோடையைப் பார்த்தவள் நான், அடுத்த ஜன்னலை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும். வெட்கத்தில் காது சூடானது.

அசட்டுச் சிரிப்போடு தராசை எடுத்தபோதுதான் கதவோரம் இருந்த பையைக் கவனித்தேன். பிள்ளையின் துணிகள், அவளுடைய நைட்டி, ஃப்ளாஸ்க். ஆஸ்பத்திரிக்குக் கட்டி வைத்திருந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

அவன் விழிக்காமல் துணித்தொட்டிலில் எடுத்து வைத்தோம். கொக்கியைப் பிடித்துத் தூக்கினேன். முள் ஆடியது, ஆடி நின்றது. இரண்டே முக்கால். ஒரு தரம் இறக்கி, மறுபடி தூக்கிப் பார்த்தேன். இரண்டே முக்கால்தான்.

"ஏறிட்டு" என்றேன் கிசுகிசுப்பாக. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஹாலில் இருந்து, "என்னாச்சு சிஸ்டர், ஏறிருச்சா?" என்று புருஷன் குரல் உரக்கக் கேட்டது. நாங்கள் இருவரும் ஒன்றாக "ஷ்ஷ்" என்றோம்.

அவள் பையை இழுத்துப் பிரித்தாள். பிள்ளையின் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தாள். அடியில் இருந்த தன் ஸ்வெட்டரைக் கையில் எடுத்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வியர்க்க விறுவிறுக்க மாடியேறி வந்த உடம்பு, அந்தக் குளிரில் எனக்கு மேலெல்லாம் சிலிர்த்திருந்தது.

"போட்டுக்கங்க சிஸ்டர்" என்று நீட்டினாள். "காத்து மேல படக் கூடாது."

மறுபேச்சுப் பேசாமல் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.