பிலிமைப் பார்த்தவர்கள்

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் அந்த நர்சிங் ஹோம் அறையில் டாக்டர் இருந்தார், அம்மா இருந்தாள், நான் இருந்தேன். அப்பா இல்லை. வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். பேச்சோ அவருடைய மூளையைப் பற்றி!

கோலார் தங்கவயல் சுரங்கத்தில் உழைத்த அப்பாவுக்கு மூளையில் காசநோய்க் கட்டி. சில மாதங்களாக மாத்திரை சாப்பிட்டதில் வலிப்பு நின்றிருந்தது. அன்று பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தார். ஆனால் டாக்டர் புது ஸ்கேன் பிலிமைப் பழையதன் பக்கத்தில் மாட்டி, "கட்டி பெருசாயிருக்கு. மருந்து வேலை செய்யல, ஆபரேஷன்தான்" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான்தான்.

வெளியே வந்து விஷயத்தைச் சொன்னதும் அப்பா சிரித்தார். "தலவலியே இல்லடா. வேற யார் மண்டையையோ பாத்துட்டு சொல்றாங்க."

"பிலிம் பொய் சொல்லாதுப்பா. உனக்கு இன்னா தெரியும்?"

ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவருடைய வலது கை எழவில்லை. அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிலிம்களைப் பார்த்த டாக்டரம்மா கொதித்துப்போனார். "மருந்து வேலை செய்யறப்பவே சிலருக்கு கட்டி கொஞ்ச நாள் வீங்கும். வீக்கம் குறைய மருந்து சேத்து, அதே மாத்திரைய விடாம குடுத்திருக்கணும். ஆளு எப்படி இருக்காருன்னு யாருமே கேக்கலையா?"

யாரும் கேட்கவில்லை. அவராகவே சொன்னபோது நான்தான் வாயை அடைத்தேன். அந்த நர்சிங் ஹோம் தெருவில் போகும்போது இன்றும் பல்லைக் கடிக்கிறேன், அந்த டாக்டரை நினைத்தா, என்னை நினைத்தா என்று தெரியாமல்.

அந்த ஆபரேஷனுக்குக் கொடுத்தது அறுபதாயிரம் ரூபாய். அப்பாவின் வலது கை.