அலுமாரிக்குள் கத்திய யூ.பி.எஸ்.

கண்டியில் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு துணிக்கடையில். சேலை மடிக்கிற வேலையில்லை, கணினி பார்க்கிற வேலை. முதலாளி அலவத்துகொடைக்காரர். ஹஜ் போய் வந்தவர் என்பதால் எல்லாரும் ஹாஜியார் என்றே கூப்பிடுவார்கள். கீழே சேலையும் சாரமும், மேல்மாடியில் பாடசாலைச் சீருடை, பின்பக்கத்தில் மொத்த வியாபாரம். ஒவ்வோர் இடத்திலும் பில் போட ஒரு கணினி. கொழும்புக் கம்பனி ஒன்று வந்து இவற்றையெல்லாம் வயரால் இணைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. அதன் பிறகு அந்த நெட்வேர்க் செத்துச் செத்துப் பிழைத்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமென்று என்னை எடுத்தார்கள்.

எடுத்தார்கள் என்றா சொன்னேன்? "கொஞ்ச நாளைக்கு வந்து பாருங்க தம்பி" என்றார் ஹாஜியார், அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நாள்தான் என் கழுத்தைப் பிடித்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் கண்டியில் அறை எடுத்துத் தங்குவதென்றால் பொலிசில் பதிய வேண்டும். பதிந்தால் போதாது, ஏன் வந்தாய், என்ன செய்கிறாய், எப்போது போவாய் என்று கேட்பார்கள். வேலை என்று சொன்னால் முதலாளி வந்து சொல்லட்டும் என்பார்கள். ஹாஜியாரோ, என்னை நிரந்தரமாக்கிய பிறகுதான் வந்து சொல்வதாக இருந்தார். வேலை போனால் அறை போகும், அறை போனால் திரும்ப வவுனியாவுக்குப் போய் ஒரு முகாமில், வெளியே போக அனுமதிக்கும் பாஸுக்கு வரிசையில் நிற்க வேண்டும்.

அந்த வருடம் பார்த்து மழை ஏமாற்றிவிட்டது. நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடு முழுக்க மின்வெட்டு. முறை போட்டு வெட்டுகிறோம் என்றார்கள், ஆனால் அந்த முறை எங்கள் தெருவில் யாருக்கும் தெரிந்ததாக நான் காணவில்லை. கடைக்குப் பின்னால் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. கரண்ட் போனதும் ஒருவர் ஓடிப்போய்க் கயிற்றை இழுப்பார், அது இருமி இருமி எழும்பும். அதுவரைக்கும் தாக்குப்பிடிக்க ஒவ்வொரு கணினிக்கும் ஒரு யூ.பி.எஸ். கொடுத்திருந்தார்கள். கரண்ட் போனாலும் உள்ளே இருக்கிற பற்றரியால் கொஞ்ச நேரம் ஓட்டுகிற பெட்டி அது. எல்லாம் சரி. கணினிகளை ஒன்றோடொன்று பேச வைக்கிற ஸ்விட்ச் என்ற பெட்டிக்கு மட்டும் ஒன்றுமில்லை. கரண்ட் போன மறுகணம் அது கண்ணை மூடிவிடும். கணினிகள் எரிந்துகொண்டே இருக்கும், ஒன்று சொல்வது மற்றதற்குக் கேட்காது. பாதி போட்ட பில் அந்தரத்தில் நிற்கும். வாடிக்கையாளர் கத்துவார், பில் போடுகிற அக்கா என்னைப் பார்ப்பார், நான் சுவரைப் பார்ப்பேன்.

"லைட் எரிஞ்சிக்கொண்டுதானே ஈக்கி, பொறவு என்னத்துக்கு வேல செய்றல்ல?" என்று ஹாஜியார் கேட்டார். நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு அதெல்லாம் வாணாம் தம்பி. பெருநாள் வியாபாரம் வர முந்தி இத செரிக்கட்டுங்க. செரி வந்தா நானே பொலிசுக்கு வந்து, இவர் எங்கட ஆள்னு சொல்றேன்" என்றார்.

ஆக, கண்டியில் நான் இருப்பதும் போவதும் ஒரு பெட்டிக்கு இன்னொரு பெட்டி தேடுவதில் வந்து நின்றது. இதில் கொடுமை என்னவென்றால், நான் வளர்ந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் கரண்டே கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டவன் நான். மாற்று மின்சாரம் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் கொழும்பில் ஒரு வகுப்பில் படித்தது. அந்த வகுப்பில் கரண்ட் போவதைப் பற்றிப் பாடமே இல்லை.

கொழும்புக் கம்பனிக்குப் போன் எடுத்தேன். விற்பனைப் பகுதியில் இருந்தவருக்கு என் கேள்வியைக் கேட்டதுமே உற்சாகம் வந்துவிட்டது. "உங்கட ஸ்விட்சுக்குப் பின்னால இரண்டாவது பவர் சப்ளை பூட்ட இடமிருக்கு. ஒண்டு செத்தா மற்றது எடுத்துக்கொள்ளும்" என்றார். அட, இவ்வளவுதானா என்று துள்ளினேன். போனை வைக்கப் போகிற நேரத்தில் ஒரு சந்தேகம் தட்டியது. இரண்டையும் எங்கே குத்துவது? சுவரில்தான் என்றார். சுவரிலேயே கரண்ட் இல்லாவிட்டால்? "அப்ப ரெண்டும் நிண்டிடும்" என்றார், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல. பவர் சப்ளை பழுதானால் காப்பாற்றுவது ஒன்று, கரண்ட் போனால் காப்பாற்றுவது வேறொன்று என்று அப்போதுதான் உறைத்தது. உறைத்ததே தவிர, எதை வாங்குவதென்று தெரியவில்லை.

சரி, யூ.பி.எஸ்.தான் என்று முடிவுகட்டி டவுனில் கடை கடையாக ஏறினேன். அங்கே வேறு குழப்பம். ஸ்விட்சில் வாட் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தது, யூ.பி.எஸ்.ஸில் வீ.ஏ. என்று வேறு கணக்கு. இரண்டும் ஒன்றா? ஒரு கடையில் ஒன்றுதான் என்றார்கள். அடுத்த கடையில், ஐயோ, அது வேறு இது வேறு என்றார்கள். இன்னொருவர், கரண்ட் போன பிறகு பற்றரிக்குத் தாவுகிற சாதி வேண்டுமா, எப்போதும் பற்றரியிலேயே ஓடுகிற சாதி வேண்டுமா என்று கேட்டார். தாவும்போது ஸ்விட்ச் விழுந்துவிடுமா என்று கேட்டேன். "விழாது. விழுந்தாலும் எழும்பிரும்" என்றார். இதைக் கேட்டு யாருக்காவது தெளிவு வருமா? எனக்கு இருந்த கொஞ்சத் தெளிவும் போய்விட்டது. அன்று ஏரிக்கரையில் உட்கார்ந்து, இந்தப் படிப்பைப் படித்ததற்குப் பதில் அப்பா சொன்னபடி அரசாங்க லிகிதர் வேலைக்குச் சோதனை எடுத்திருக்கலாம் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒன்றை வாங்கினேன். தெரிந்து வாங்கினேன் என்று சொல்லமாட்டேன். இருந்ததில் நடுத்தரமானது, கறுப்புப் பெட்டி, தூக்கினால் கை கழன்றுவிடும் பாரம். கடைக்குள் ஸ்விட்சை ஒரு மர அலுமாரிக்குள் வைத்திருந்தோம், வருகிற பிள்ளைகள் வயரைப் பிடித்து இழுக்கிறார்கள் என்பதற்காக. அதற்குள்ளேயே யூ.பி.எஸ்.ஸையும் வைத்தேன். கரண்ட் போனது. பெட்டி 'பீப்' என்று ஒரு தரம் சொல்லிவிட்டு, ஆறுதலாக மூச்சு விட்டு, மறுபடி 'பீப்' என்றது. ஸ்விட்சின் பச்சைக் கண்கள் மூடவேயில்லை. ஜெனரேட்டர் எழும்பியதும் சத்தம் நின்றது. பில் ஒன்றுகூட அறுபடவில்லை. ஹாஜியார் தலையாட்டினார். அன்றைக்கு நான் சாப்பிட்ட கொத்து ரொட்டியின் ருசியை இன்றைக்கும் சொல்வேன்.

வந்தது வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்குக் கடை ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள், ஜெனரேட்டர் இழுக்கிறவர் உட்பட. கணினிகளையும் அவற்றின் யூ.பி.எஸ்.களையும் அணைத்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பெண்கள் உள்ளே இருந்து சோறு சாப்பிடுவார்கள். வியாபாரம் இல்லாத நேரம் என்பதால் கரண்ட் போனாலும் யாரும் கவலைப்படுவதில்லை. அன்றும் போனது. நான் எதிர்க்கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டு ஷட்டருக்குக் கீழால் குனிந்து வெளியே ஓடிவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சத்தம். 'பீப்' என்று நிதானமாகச் சொல்கிற சத்தமில்லை. பீபீபீபீ என்று, மூச்சு விடாமல், வேகம் கூடிக்கொண்டே போகிற சத்தம். நகரத்தில் குண்டு வெடித்து ஆட்கள் செத்ததை யாரும் மறந்திருக்கவில்லை. யாரோ சிங்களத்தில் "போம்ப!" என்று கத்த, தெருவே சிதறி ஓடியது. ஓடியவர்கள் சந்தியில் போய் நின்று திரும்பிப் பார்த்தார்கள். நான் ஓடவில்லை. நான் விழுந்தேன். கையால் பிடரியைப் பொத்திக்கொண்டு, தெருவோரக் கழிவுநீர்க் கான் பக்கமாகக் குப்புற, வாயைத் திறந்தபடி. விமானம் வந்தால் எங்கள் ஊரில் அப்படித்தான் படுப்போம், நினைத்துச் செய்வதில்லை, உடம்பு தானாகவே செய்யும்.

கண்டியில் அப்படி யாரும் படுப்பதில்லை என்பது தலையைத் தூக்கிய பிறகுதான் தெரிந்தது. தெரு முழுக்க நின்றுகொண்டிருந்தது, நான் ஒருவன்தான் தரையில். பில் போடுகிற அக்கா, ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்துப் பக்கத்து மனுசி, சந்தியிலிருந்தே கத்தினார்: "என்னா சார், எதுக்கு கீழ படுத்துட்டீங்க?" அவர் பாவம், அக்கறையாகத்தான் கேட்டார். ஆனால் சந்திக் காவலில் நின்ற பொலிஸ்காரரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னை எழுப்பி நிறுத்தி, அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறந்த இடத்தைப் பார்த்ததும் துவக்கோடு இன்னொருவர் பக்கத்தில் வந்தார். ஓடவேண்டிய நேரத்தில் படுக்க உனக்கு யார் பழக்கினது என்று கேட்டார். கேட்டது அதுதான் என்று மட்டும் விளங்கியது. எனக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போதும், இதற்குப் போதாது. "மெஷின், மெஷின்" என்றேன், கடையைக் காட்டினேன். "மகே மெஷின்" என்று சொன்ன பிறகுதான், குண்டு என்று எல்லாரும் நினைக்கிற பெட்டியை என்னுடையது என்று சொல்லிவிட்டேன் என்பது புரிந்தது.

அதைவிடப் பெரிய பயம் வேறொன்று. அது உண்மையில் என் பெட்டிதானா? நான் வைத்த பெட்டி இப்படிக் கத்தி நான் கேட்டதேயில்லை. அந்தச் சத்தம் வேறு, இந்தச் சத்தம் வேறு. ஒருவேளை வேறு ஏதாவது இருந்தால்? யாராவது அலுமாரிக்குள் எதையாவது வைத்திருந்தால்? அப்போது எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, கடவுளாணை.

ஜும்ஆ முடிந்து, தொப்பியோடு ஹாஜியார் அந்த வேளையில்தான் வந்தார். பொலிஸ்காரர் அவரிடம் சிங்களத்தில் படபடவென்று ஏதோ சொன்னார். கடையையும் என்னையும் மாறி மாறிக் காட்டினார். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ஹாஜியார் என்னிடம் திரும்பினார்.

"தம்பி, அது நீங்க வச்ச பெட்டிதானா?"

சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. சுற்றிவர அத்தனை முகங்கள்.

"ஓம் ஹாஜியார்" என்றேன்.

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பொலிஸ்காரரிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்தார். ஷட்டருக்குக் கீழால் அந்தப் பெரிய உடம்பைக் குனிந்து நுழைத்துக்கொண்டு உள்ளே போனார். "ஹாஜியார், வேணாம்" என்று கத்த நினைத்தேன், அதற்குள் அவர் மறைந்துவிட்டார். என் ஒரு 'ஓம்'மை நம்பி ஒரு மனுசன் இருட்டுக்குள் போகிறாரே, அந்த 'ஓம்' எனக்கே தெரியாததே என்றுதான் மனதில் ஓடியது.

சத்தம் நின்றது.

அவர் வெளியே வந்தபோது கையில் ஒரு மேசை மின்விசிறி இருந்தது. "எவன் இத அந்தப் பெட்டீல குத்தின?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். பில் போடுகிற அக்கா தலையைக் குனிந்துகொண்டார். சோறு தின்னும்போது புழுக்கமாக இருக்கிறதென்று, கரண்ட் உள்ள ஒரே இடம் அலுமாரிதான் என்று கண்டுபிடித்து, விசிறியை அதில் செருகியிருக்கிறார். ஸ்விட்சை மட்டும் ஓட்ட வைத்த பற்றரி விசிறியையும் சேர்த்து ஓட்டி உயிரை விட்டிருக்கிறது. சாகப்போகிறேன் என்று சொல்லத்தான் அந்தப் பெட்டி அப்படிக் கத்தியது. வாங்கிய எனக்கே அது தெரியாது.

ஆனாலும் என்னை விட்டுவிடவில்லை. நிலையத்துக்கு வந்து சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றார்கள். ஹாஜியார் கடையைத் திறக்கச் சொல்லிவிட்டு என்னோடு நடந்தே வந்தார். நிலையத்தில், இவர் எங்கள் கடையில் நிரந்தரமாக வேலை செய்கிறவர், நானே பொறுப்பு என்று சொன்னார். அட்டை கைக்குத் திரும்பி வந்தது. வெளியே வந்து கொஞ்சத் தூரம் நடந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஹாஜியார், ஒண்டு சொல்லவேணும். நான் ஓம் எண்டு சொல்லேக்க, அது என்ர பெட்டிதானோ எண்டு எனக்கே தெரியாது."

"தெரியும்" என்றார். "ஒன்ட மொகத்திலயே ஈந்திச்சி."

"பிறகு ஏன் உள்ளுக்குப் போனனீங்கள்?" எனக்குக் கோபமே வந்துவிட்டது. "ஏதும் நடந்திருந்தா?"

அவர் நின்றார். தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார்.

"பொலிஸ்காரன் சொன்னது வெளங்கல்லயா மகன்? அவன்ட பெட்டின்டா அவனையே உள்ளுக்கு அனுப்புங்கன்னு சொன்னான். எனக்கு ஏதும் ஆனா கேக்கிறதுக்கு ஊரே ஈக்கி. ஒனக்கு ஏதும் ஆனா, இந்த ஊர்ல ஆரு கேக்கிற?"