வெட்டாத ஓரம்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் கும்பகோணத்தில் என்னைப் போல் கொக்கைப் படம் எடுக்க இன்னொருவன் பிறக்கவில்லை. கூலித் தகராறில் ஊரெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த ஒரு குறுவை அறுவடையின்போது, திருப்பனந்தாள் பக்கத்து வயலில் கருமேகத்தின் கீழே கொக்குக் கூட்டம் மொத்தமாக எழுந்தது. அமுக்கினேன்.

பிலிமைக் கழுவிய பிறகுதான் ஓரங்களைக் கவனித்தேன். வலது பக்கம் அறுக்க வந்த கூலியாட்கள் அரிவாளோடு நின்றார்கள். இடது பக்கம் அவர்களை மறித்து மிராசுதாரின் ஆட்கள் தடியோடு நின்றார்கள்.

நான் படம் எடுத்தது தெரிந்து, மறுநாள் மிராசுதாரே என் ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டார். கடை அவருடைய கட்டடத்தில்தான் இருந்தது.

“இடது பக்கத்த வெட்டிட்டு ஒரு பிரிண்ட் போடுய்யா. அரிவாளோட வெட்ட வந்தானுங்கன்னு கேஸ் குடுத்திருக்கேன்.”

“அறுக்க வந்தவங்க அரிவாள் இல்லாம எப்படிங்க வருவாங்க?”

“கொக்கு புடிக்கிறவனுக்குக் கோர்ட்டு நியாயம் எதுக்கு? சொன்னதச் செய்.”

இருட்டறையில் இடது ஓரத்தைத் தகட்டால் மறைத்துப் பார்த்தேன். தடிகள் மறைந்ததும், வேலைக்கு வந்தவர்கள் கொலைகாரர்களாகிவிட்டார்கள். தகட்டை எடுத்துவிட்டு முழுப் படத்தையும் பிரிண்ட் போட்டு, கூலியாட்களின் வக்கீலிடம் கொடுத்தேன். கேஸ் நிற்கவில்லை. என் கடையும் நிற்கவில்லை.

பிறகு சொந்தக் கட்டடமே கட்டினேன். வாசலில் அந்தப் படம்தான் தொங்குகிறது. ஓரங்களை வெட்டினால் கொக்குகள் இன்னும் எடுப்பாகத் தெரியும் என்கிறார்கள். வாஸ்தவம்தான். ஆனால் அவை எதைக் கண்டு பயந்தன என்பது தெரியாமல் போய்விடும்.