கோவளம் கடலில் கணினியைக் கிளப்பிய காலை

போன அமாவாசைக்குப் பள்ளியில் விடுப்பு எடுத்துக்கொண்டு பதினோராவது முறையாகக் கோவளம் போனேன். பொழிச்சலூரில் வசிக்கிறேன். உயிரியல் ஆசிரியை, மிச்ச நேரத்தில் பகுதிநேர ஆய்வு மாணவி. கோவளம் கழிமுகத்திலிருந்து கடலுக்குள் ஐந்து இடங்களில், மாதம் ஒரு முறை, நீரின் உப்பையும் வெப்பத்தையும் அளக்கிறேன். பன்னிரண்டு மாதம் விடாமல் அளந்தால்தான் ஆய்வு. ஒரு மாதம் விட்டுப்போனால், நாற்பத்தாறு வயதில் மறுபடி முதல் மாதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அளக்கும் கருவிக்குத் திரை கிடையாது. கம்பி வழியாக மடிக்கணினியில்தான் எண்கள் தெரியும். அந்த மடிக்கணினி முந்தைய மாதம் படகிலேயே இரண்டு முறை உறைந்துபோனது. பம்மலில் பழுது பார்ப்பவர் திறந்து பார்த்துவிட்டு, "உப்புக் காத்து உள்ள பூந்துடுச்சு மேடம். டிஸ்க் எப்ப வேணா போய்டும்" என்றார். புதியது வாங்கும் நிலையில் நான் இல்லை. அதனால் எல்லா மென்பொருளையும் ஒரு வெளி எஸ்எஸ்டி வட்டில் போட்டு, உள் வட்டு போனால் அதிலிருந்தே கணினி தொடங்கும்படி செய்துகொண்டேன். தொலைந்தால் யாரும் திறக்கக் கூடாதென்று அதற்கு ஒரு பூட்டும் போட்டேன். காப்பு நகலுக்குத் தனியாக இன்னொரு வட்டு. சாப்பாட்டு மேசையில் எட்டு முறை ஒத்திகை பார்த்தேன். எட்டு முறையும் தொடங்கியது.

காலை 5.10க்குக் கிளம்பினேன். பல்லாவரத்துக்கு ஷேர் ஆட்டோ 20 ரூபாய், அங்கிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 5 ரூபாய். தாம்பரத்தில் 6 மணிக்கு மாமல்லபுரம் பேருந்து கிடைத்தது. வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகச் சுமார் 32 கிலோமீட்டர். சாதாரணப் பேருந்து என்பதால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இடது பக்கம் உட்காராதீர்கள், கேளம்பாக்கம் வரை வெயில் முகத்திலேயே அடிக்கும். 7.10க்குக் கோவளத்தில் இறங்கினேன்.

சேவியர் அண்ணாவின் ஃபைபர் படகில்தான் எப்போதும் போவேன். எரிபொருள் சேர்த்து 2,000 ரூபாய். கூட அவர் மச்சான் பீட்டர். மடிக்கணினியை மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, டப்பாவை மடித்த சாக்கின் மேல் வைப்பேன். எஞ்சின் அதிர்வு அப்படியே ஏறாமல் இருக்கும். 7.35க்குக் கரையை விட்டோம். முதல் இரண்டு இடங்கள் ஒழுங்காக முடிந்தன. ஒவ்வோர் இடத்திலும் உடனே காப்பு வட்டில் நகல் எடுத்தேன்.

மூன்றாவது இடத்தில், 8.25க்கு, திரை கறுத்தது. மறுபடி போட்டால், உள் வட்டையே காணோம் என்று ஒரு வரி. பம்மல்காரர் சொன்னது நடந்துவிட்டது. பயப்படவில்லை, இதற்காகத்தானே எட்டு ஒத்திகை. வெளி எஸ்எஸ்டியைச் செருகினேன். அது தொடங்குவதற்குப் பதிலாக நாற்பத்தெட்டு இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது.

காரணம் நான்தான். முதல் நாள் மாலை, சில நொடிகள் மிச்சமாகட்டும் என்று, கணினி முதலில் வெளி வட்டைத் தேடும்படி அமைப்பை மாற்றினேன். அமைப்பு மாறினால் பூட்டு சந்தேகப்பட்டு எண் கேட்கும் என்று தெரியாது. மாற்றியபின் வெளி வட்டிலிருந்து ஒருமுறைகூடத் தொடங்கிப் பார்க்கவில்லை. எண்ணோ, பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டுப் பீரோவில்.

"இன்னா மேடம், திரும்பிடலாமா?" என்றார் சேவியர் அண்ணா. "ஒன்பதரைக்கு மேல தண்ணி திரும்பிடும். அப்பால அளந்து பிரயோஜனம் இல்லன்னு நீங்கதான சொல்வீங்க."

"திரும்ப வேணாம்ணா. எஞ்சினை மட்டும் நிறுத்துங்க."

கழிமுக நீர் கடலுக்குள் இறங்கத் தொடங்கினால் உப்பு அளவு மாறிவிடும். எனக்கு ஒரு மணி நேரம் இருந்தது. கணவருக்கு அழைத்தேன். சிக்னல் ஒரு கோடு. பீட்டர் எழுந்து நின்று போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கரைப் போட்டார்.

"பீரோவுல எங்க கீதா?"

"இன்ஷூரன்ஸ் ஃபைலுக்குள்ளங்க. ஆறு ஆறா படிங்க."

அவர் படிக்க, சேவியர் அண்ணா அதையே உரக்கத் திருப்பிச் சொன்னார், ஐஸ் பெட்டி மூடியில் மார்க்கரால் எழுதிக்கொண்டே. நான் கணினியில் தட்டினேன்.

"இன்னா மாமா, ஏலம் வுட்றியா?" என்றார் பீட்டர்.

"நீ கைய எறக்காத. எறக்குனா உன்னியத்தான் ஏலம் வுடுவேன்."

நடுக்கடலில் எங்கள் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. சத்தமெல்லாம் வீட்டுப் பக்கம். பொழிச்சலூரில் விமானங்கள் மொட்டை மாடியை உரசுவதுபோலத்தான் போகும். "இரு, பிளேன் போகுது" என்று கணவர் மூன்று முறை நிறுத்தினார். கடைசியில் "அவ்ளோதான்" என்றார். திரையில் இன்னும் ஆறு கட்டங்கள் காலி.

"ஏழு வரிசைதான் வந்திருக்கு. எட்டு இருக்கணும்."

"எல்லாத்தையும் படிச்சிட்டேனே!"

"பிளேன் போனப்புறம் ஒண்ணை விட்டிருப்பீங்க. முதல்லேர்ந்து படிங்க."

"முதல்லேர்ந்தா?"

"ஆமா. முதல்லேர்ந்து."

பீட்டர் பெருமூச்சு விட்டுக் கையை மாற்றிக்கொண்டார். விட்டுப்போனது ஐந்தாவது வரிசை. 8.52க்குக் கணினி தொடங்கியது. மூன்றாவது இடம் 8.58, நான்காவது 9.10. ஐந்தாவது இடத்தில் கருவியை மேலே இழுத்தபோது 9.24. சேவியர் அண்ணா தண்ணீரில் மிதந்த நுரையைப் பார்த்து, "இன்னும் திரும்பல மேடம்" என்றார். அங்கேயே இரண்டு வட்டிலும் நகல் எடுத்தேன்.

கரை தட்டியதும் நான் இறங்கவில்லை. கணினியை முழுதாக அணைத்து, வெளி வட்டிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

"அதான் வந்துட்டோமே, இன்னும் இன்னா?"

"ஒரு தடவைண்ணா."

எண் கேட்காமல் தொடங்கியது. அதன் பிறகே இறங்கினேன்.

படகில் கணினி கொண்டுபோகிறவர்களுக்கு: சுழலும் வட்டு வேண்டாம், எஸ்எஸ்டியே எடுங்கள். தொடங்கும் வட்டும் நகல் வட்டும் ஒன்றாக இருக்கக் கூடாது. நகலைக் கரைக்கு வந்து எடுக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். மீட்பு எண் வீட்டில் ஒன்று, நீர் புகாத உறையில் உங்களோடு ஒன்று. நிரூபிக்கப்பட்ட எதையும் முதல் நாள் மாலை மேம்படுத்தாதீர்கள். அப்படியே மாற்றினால் அணைத்துப் போட்டுப் பார்க்காமல் தூங்காதீர்கள்.

எனக்கு எப்போதும் சும்மா இருப்பதுதான் கஷ்டம். தாளைத் திருத்தியபின் மறுபடி திருத்துவேன், உறையில் போட்ட கடிதத்தைப் பிரிப்பேன். அதைக் கவனம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இன்னும் ஓர் அமாவாசை பாக்கி. அதற்கு முதல் நாள் மாலை கணினியை டப்பாவில் வைத்து மூடிவிட்டு, அதன் பக்கமே போகாமல் இருக்கப்போகிறேன்.