ஒன்பது புத்தகங்களுக்கு ஒரு வாசகர்

கோர்ட்டில் முப்பத்துநாலு வருடம் டைப் அடித்து ஓய்வு பெற்ற அந்த அம்மாளைத் தெருவில் எல்லோரும் கோர்ட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்கள் என்று சொன்னேனே தவிர, அப்படிக் கூப்பிட்டுக்கொண்டு யாரும் மாடியேறி வந்துவிடுவதில்லை. கடை ஷட்டர்களைப் பழுதுபார்க்கும் பட்டறைக்கு மேலே இரண்டு அறை. கல்யாணம் கூடிவரவில்லை. கூடப் பிறந்த தம்பி வேறு ஊரில் இருந்தார். பகலெல்லாம் கீழே தகரம் அடிபடும் சத்தம். ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லையென்றால் அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

தம்பி மகள் புது டேப் வாங்கியபோது பழையதை இவள் தலையில் கட்டிவிட்டுப் போனாள். "அத்தை, இதுல ஃப்ரீயாவே ஆயிரக்கணக்குல புக் கிடைக்கும். பொழுது போறதே தெரியாது" என்றாள்.

இலவசமாம், இலவசம். ஒரு தளம் பன்னிரண்டு பக்கம் வரை உபசாரம் செய்துவிட்டு, கதாநாயகி கதவைத் திறக்கிற நேரம் பார்த்து கார்டு நம்பரைக் கேட்டது. இன்னொன்றில் பச்சைப் பட்டனை அழுத்தினால் முடி வளரும் தைலக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனது. மூன்றாவதில் புத்தகம் முழுசாகத்தான் வந்தது, எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக. நாலு நாள் மல்லுக்கட்டிய பிறகு ஒரு தளம் சிக்கியது. பெயர், நம்பர் எதையும் கேட்கவில்லை. பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய புத்தகங்களை ஆர்வமுள்ளவர்கள் சும்மாவே டைப் அடித்து அதில் ஏற்றுகிறார்கள். மூன்று மாதம் அதிலேயே விழுந்து கிடந்தாள். பிடித்ததெல்லாம் தீர்ந்துபோனபோது அடியில் ஒரு வரி கண்ணில் பட்டது: 'டைப் செய்ய உதவ முடியுமா?' கேட்டார்களே ஒரு கேள்வி, யாரைப் பார்த்து!

முதல் புத்தகம் பதினெட்டு நாளில் முடிந்தது. அவர்கள் அனுப்பிய பக்கப் படங்களைப் பார்த்து, வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பினாள். தளத்தில் ஏறியதும் டேப்பில் இறக்கி, அத்தியாயங்கள் சரியாகப் பிரிந்திருக்கின்றனவா, எழுத்து உடையாமல் தெரிகிறதா என்று ஓட்டிப் பார்த்தாள். சாயங்காலம் போய்ப் பார்த்தால், புத்தகத்தின் பெயருக்குப் பக்கத்தில் 'இறக்கியவர்: 1' என்று இருந்தது.

ஏறின அன்றைக்கே யாரோ ஒருவர் எடுத்துவிட்டார். இரண்டாவது புத்தகத்துக்கும் அன்றைக்கே ஒன்று. மூன்றாவதுக்கும் அப்படியே. எதிலும் ஒன்றுக்கு மேல் கூடவும் இல்லை, ஒருதரம்கூடத் தவறவும் இல்லை. அப்படியென்றால் எல்லாம் ஒரே ஆள்தான் என்று கோர்ட்டக்கா தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். வயதானவராக இருக்கும், கண் அவ்வளவாகத் தெரியாது என்று எண்ணித் தலைப்புகளைப் பெரிதாக்கினாள். கடைசிப் பக்கத்தில் 'பிழை இருந்தால் எழுதவும்' என்று தன் மின்னஞ்சலைச் சேர்த்தாள். ஒருவரும் எழுதவில்லை. பிழையே இல்லை போலிருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டாள். பாவம், வேறென்ன செய்வாள்?

ஏழாவது புத்தகத்தில் வலது மணிக்கட்டு வீங்கியது. டாக்டர் பட்டை போட்டுவிட்டு, "மூணு மாசம் கீபோர்டைத் தொடக்கூடாது. தொட்டீங்கன்னா அப்புறம் ஆபரேஷன்தான்" என்றார்.

"அது எப்படிங்க டாக்டர், ஒருத்தர் காத்துக்கிட்டிருக்காரே."

"யாரு?"

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். எட்டாவதைப் பட்டை போட்ட கையோடுதான் அடித்தாள். ஒன்பதாவதையும் அடித்தாள். அது ஏறிய அன்று வலி பொறுக்காமல் மாத்திரை போட்டுப் படுத்தவள், டேப்பைத் தொடவே இல்லை. மறுநாள் பார்த்தால் 'இறக்கியவர்: 0'. அடுத்த நாளும் பூஜ்யம். மூன்றாம் நாளும் அப்படியே இருக்கவும் தளத்துக்காரருக்குப் போன் போட்டாள்.

தளத்தைப் பார்த்துக்கொள்பவர் ஏதோ இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை செய்கிறவர், மதிய இடைவேளையில் போன் எடுப்பார்.

"தம்பி, என் புத்தகத்தை எப்பவும் எடுக்கறவர் ஒருத்தர் இந்தத் தடவை எடுக்கலை. யாருன்னு பாத்துச் சொல்ல முடியுமா? உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா, புத்தகம் ஏறினதும் நீங்க டேப்ல இறக்கிப் பாப்பீங்களா?"

"பின்னே? சரிபாக்காம விட்டா எப்படி?"

"அதையும் அது ஒண்ணுன்னு எண்ணிக்கும்க்கா. எட்டுலயும் அந்த ஒண்ணு நீங்கதான். இந்தத் தடவை நீங்க இறக்கலை போல."

"ஓ. சரி தம்பி" என்று போனை வைத்தாள். முதலில் அவமானமாக இருந்தது. அப்புறம்தான் அழுகை வந்தது. ஏழு மாதமாக ஒருவர் இருக்கிறார் என்று எண்ணியே காலையில் எழுந்தாளே, அவர் இப்போது இல்லை. நிஜமாகவே யாராவது செத்திருந்தால் துக்கம் விசாரிக்க நாலு பேர் வருவார்கள். இதைப் போய் யாரிடம் சொல்லி அழுவது?

மறுநாள் மதியம் பார்த்தபோது ஒன்பதிலும் ஒவ்வொன்று கூடியிருந்தது. ஒரே நாளில், ஒன்றுவிடாமல். கோர்ட்டக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உடனே அவருக்குப் போன் போட்டாள்.

"என்ன தம்பி, பரிதாபமா?"

அவர் கொஞ்சம் தடுமாறினார். "அப்படியில்லக்கா..."

"இறக்கி வெச்சா ஆச்சா? படிக்கணும்."

"நிஜமாவே படிக்கிறேன்க்கா. பஸ்லயே தினம் ஒரு மணி நேரம் போகுது. எதுலேர்ந்து ஆரம்பிக்கட்டும்? எது நல்லாயிருக்கும்னு நீங்களே சொல்லுங்க."

சொல்ல வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. எழுத்தைக் கண் எடுக்கும், விரல் போடும், நடுவில் மனசில் எதுவும் தங்காது. கோர்ட்டு டைப்பிஸ்டுகள் பழகிக்கொள்கிற வித்தை அது. தங்கவிட்டால், கொலையும் விவாகரத்துமாக அடித்துத் தள்ளுகிற இடத்தில் முப்பத்துநாலு வருடம் குப்பை கொட்டியிருக்க முடியாது. இந்த ஒன்பதையும் அவள் அப்படித்தான் அடித்திருக்கிறாள். ஓட்டிப் பார்த்தபோதும் எழுத்தைத்தான் பார்த்தாள். ஒன்றின் கதைகூட அவளுக்குத் தெரியவில்லை. இருந்த ஒரே வாசகரும் ஒரு வரி படிக்கவில்லை.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். ஒரு வாரம் டைம் குடுங்க தம்பி" என்றாள். "படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."