ஃபுல் நைட் மாத்திரை

வீட்டுக்குள் நுழைந்ததும் யோகேஸ்வரி விளக்குமாறு கேட்பார். குனிந்து கட்டிலுக்கு அடியில் ஓர் இழுப்பு. தூசியோடு வெள்ளை மாத்திரை ஒன்று உருண்டு வரும். சில வீடுகளில் மஞ்சளும் சேர்ந்து வரும். வாயில் போட்டுவிட்டதாகப் பெரியவர்கள் சத்தியம் செய்த மாத்திரைகள். அவர் யாரையும் திட்டுவதில்லை. உள்ளங்கையில் வைத்துக் காட்டி, "கை நடுங்குதா, கண்ணு தெரியலயா?" என்று மட்டும் கேட்பார்.

செட்டியார்பட்டிக்காரர், நாற்பதை நெருங்குகிறார். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஸ்கூட்டரில் அலைந்து, வயதானவர்கள் தங்கள் மாத்திரைகளைத் தாங்களே சரியாகச் சாப்பிட வழி செய்து கொடுக்கிறார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று பெயர். அது வாயில் நுழையாததால் பாதிப் பேருக்கு அவர் 'சிஸ்டர்'. ஊசி போட வந்திருப்பதாக நினைத்துச் சட்டைக் கையைச் சுருட்டியவர்களும் உண்டு. தொழில்வழிச் சிகிச்சை என்று தமிழில் சொல்லிப் பார்த்தார். "இந்த வயசுல எனக்கு என்ன தொழில் தாயி சொல்லிக் குடுக்கப் போற?" என்று ஒருவர் கேட்டதிலிருந்து அதையும் விட்டுவிட்டார்.

இளகிய மனசுக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் வேலையைப் பற்றி எழுதுவதற்காக நானும் கூடப் போய்வந்த நாட்களில், தளவாய்புரத்தில் செல்லத்தாய் என்று ஓர் அம்மாளைப் பார்த்தோம். எத்தனை விதமாகப் பழக்கியும், காலையில் போட்ட மாத்திரையை மறந்து மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். யோகேஸ்வரி மகனைக் கூப்பிட்டு, இனிமேல் மருந்து உங்கள் கையில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். செல்லத்தாய் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் கிளம்பும்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. யோகேஸ்வரி என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

அதனால்தான் முத்துவீரன் வீட்டுக்குப் போனபோது எனக்குப் பயமாக இருந்தது. நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு ராஜபாளையத்தில் தனியாகப் பொங்கித் தின்கிறார். ஒரே மகள் மாரீஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். ராத்திரியில் வியர்த்துக் கொட்டி, தலை சுற்றிப் பெரியவர் விழுந்தது இரண்டாவது முறை. இந்த முறை நெற்றியில் தையல். ரத்தத்தில் சர்க்கரை ரொம்பவும் இறங்கியிருந்ததாம். வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வாருங்கள் என்றார் மகள். மருமகன் வீட்டுச் சோற்றுக்குக் காத்துக் கிடக்க மாட்டேன் என்றார் அப்பா. சண்டை முற்றி, கடைசியில் இருவரும் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார்கள். பெரியவரால் தன் மாத்திரையைத் தானே பார்த்துக்கொள்ள முடியும் என்று யோகேஸ்வரி சொன்னால் இங்கேயே இருக்கலாம். முடியாது என்றால் அவர் பெட்டியைக் கட்ட வேண்டும்.

அந்த வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தூசிகூட இல்லை. ஒரு வேளைகூடத் தப்பியதில்லை என்று முத்துவீரன் அடித்துச் சொன்னார். மாத்திரை அட்டைகளைப் பார்த்தால் அதுவும் உண்மைதான். யோகேஸ்வரி வாய்வார்த்தையோடு விடுகிறவர் இல்லை. எதையும் செய்துகாட்டச் சொல்லிப் பார்ப்பார். ராத்திரி மாத்திரையை எப்படிப் போடுவீர்கள் என்று காட்டச் சொன்னார். நல்ல மத்தியான வெயிலில் முத்துவீரன் கட்டிலில் போய்ப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். செத்த நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்து, தலைமாட்டிலிருந்த மாத்திரையை எட்டி எடுத்தார்.

"ஏன்யா படுத்திய?"

"சங்கு ஊதணும்லம்மா. சீட்டுல ஒண்ணு, சைபர், ஒண்ணுன்னு தெளிவா எழுதிருக்காக. ஃபஸ்ட் ஷிப்டுக்கு ஒண்ணு, அரை நைட்டுக்கு இல்ல, ஃபுல் நைட்டுக்கு ஒண்ணு."

காலை, மதியம், இரவு என்று டாக்டர் எழுதியதை மில்லின் மூன்று ஷிப்டுகளாகப் படித்திருக்கிறார் மனிதர். பொழுது சாயச் சாப்பிட்டுப் படுத்துவிட்டு, நடுச்சாமத்தில் மூன்றாம் ஷிப்டுக்கு மில் சங்கு ஊதியதும் எழுந்து, காலி வயிற்றில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுபடி படுத்திருக்கிறார். மாரீஸ்வரி சிரிக்கத்தான் வாயெடுத்தார். அழுகை வந்துவிட்டது.

யோகேஸ்வரி டாக்டருக்குப் போன் போட்டு, ராத்திரிச் சாப்பாட்டோடு போட வேண்டிய மாத்திரைதான் அது என்று உறுதி செய்துகொண்டார். மருந்தில் அவர் கை வைக்க மாட்டார். அது டாக்டர் பாடு. வாரம் முழுவதுக்கும் அறை பிரித்த டப்பா ஒன்றைக் கொடுத்து, எங்கே வைத்தால் மறக்காது என்பதைப் பெரியவரையே சொல்லச் சொன்னார். முத்துவீரன் வீட்டைச் சுற்றி வந்தார். அடுக்களையில் கவிழ்த்து வைத்திருந்த சோற்று வட்டில் மேல் டப்பாவை வைத்தார். "இத எடுக்காம சோறு திங்க ஏலாதுல்ல."

பழக்கம் லேசில் போகவில்லை. சங்குச் சத்தத்துக்கு விழிப்பு வந்து அடுக்களைக்கு நடந்திருக்கிறார். அன்றைய அறை காலியாக இருப்பதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்திருக்கிறார். அதைக் கேட்டபோது யோகேஸ்வரியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனாலும் முடிவைச் சொல்லவில்லை.

முடிவு சொல்ல வேண்டிய நாளில், பொழுது சாயும் நேரத்துக்குப் போயிருந்தோம். மாரீஸ்வரி அப்பாவின் துணிமணிகளை ஒரு பையில் எடுத்து வைத்துவிட்டே வந்து உட்கார்ந்திருந்தார். முத்துவீரன் கை கழுவி, டப்பாவை இறக்கி, வட்டிலில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சரியான அறையைத்தான் தொட்டார். மூடி திறக்கவில்லை. காலமெல்லாம் அறுந்த நூலை முடிந்து முடிந்து காய்த்துப்போன விரல், நகம் வழுக்கியது. மறுபடி நெம்பினார், மறுபடி வழுக்கியது. எங்கள் யாரையும் அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பெற்ற மனசு போலவே பிள்ளை மனசும் பொறுக்காதுதானே, மாரீஸ்வரி கையை நீட்டிவிட்டார்.

யோகேஸ்வரி அந்தக் கையைப் பாதி வழியில் பிடித்து, தன் மடியில் வைத்துக்கொண்டார். பெரியவர் தானே மூடியை நெம்பித் திறந்து, மாத்திரையை விழுங்கி, முதல் கவளத்தைப் பிசையும் வரைக்கும் விடவில்லை.