இடது பக்கம் வராத சத்தம்

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் நடந்தது இது. எனக்குப் பழைய கம்ப்யூட்டர்கள் மேல் பைத்தியம். மற்ற பெண்கள் புடவைக் கடைக்குப் போனால் நான் காயலான் கடைக்குப் போவேன் என்று என் கணவர் சொல்லிச் சிரிப்பார்.

அன்று, முத்தியால்பேட்டையில் கிடைத்த ஒரு பழைய சவுண்ட் கார்டை, கம்ப்யூட்டருக்குச் சத்தம் தருவது அதுதான், மாட்டியிருந்தேன். அந்தக் காலத்துக் கார்டுகள் சிலவற்றில் ஒரு கோளாறு உண்டு. இடது பக்கம் கேட்க வேண்டியது வலது பக்கம் கேட்கும், வலது இடதுக்குப் போகும். விஷயம் தெரிந்தவள் ஆயிற்றே, ஒயரை மாற்றிப் பற்றவைத்துவிட்டு ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, 'இடது', 'வலது' என்று திரையில் காட்டி அந்தந்தப் பக்கம் சத்தம் எழுப்பும் சோதனை புரோகிராமை ஓட்டினேன். வலது பக்கம் கணீரென்று கேட்டது. இடது பக்கம் சத்தமே இல்லை.

பற்றவைத்தது சரியில்லை என்று பிரித்து, ஒயரைப் பழையபடியே வைத்துப் பார்த்தேன். இப்போது திரையில் 'இடது' என்று வந்தபோது வலது காதில் கேட்டது. 'வலது' என்று வந்தபோது ஒன்றுமே இல்லை. எப்படி மாற்றினாலும் இடது காதுக்கு வருவதுதான் செத்துப்போனது. அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நானோ கார்டைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

காபி கொண்டுவந்த கணவரிடம் ஹெட்போனை நீட்டினேன். "என்னங்க, எடது பக்கம் கேக்குதான்னு பாருங்க."

"ரெண்டு பக்கமும் நல்லாத்தான கேக்குது" என்றார்.

எனக்கு எரிச்சல். இவருக்கு இதைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். அவர் ஹெட்போனைப் பக்கம் மாற்றித் திருப்பி என் தலையில் போட்டார். அதே கதைதான். பிறகு அதைக் கழற்றிவிட்டு, என் இடது காதருகே விரல்களைத் தேய்த்தார். கை அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

"கார்டு நல்லாத்தான் இருக்கு. உன் காதுதாம்மா கேக்கல" என்றார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

இரண்டு நாளாய் அந்தக் காதில் அடைப்பும் இரைச்சலுமாக இருந்தது. சளி என்று விட்டுவிட்டேன். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். காது நரம்பு திடீரென்று பாதித்திருக்கிறது என்றார் டாக்டர். "சளின்னு ஒரு மாசம் விட்டிருந்தீங்கன்னா நாங்க ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதும்மா. இப்பவும் திரும்பி வரும்னு உறுதியா சொல்ல மாட்டேன்" என்று சொல்லி மாத்திரை எழுதினார்.

அடுத்து வந்த நாட்களில் உலகமே வலது பக்கமாய்ச் சாய்ந்துவிட்டது. கணவர் இடது பக்கம் நின்று கூப்பிட்டால் நான் வலது பக்கம் திரும்புவேன். ஸ்கூட்டர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தெருவில் இறங்கவே பயந்தேன்.

பிறகு ஒரு காலை, வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ரொட்டிக்காரரின் சைக்கிள் ஹாரன் மெலிதாகக் கேட்டது. இடது பக்கத்திலிருந்து. தலை தூக்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் நெருங்கி, எனக்கு நேரே வந்து, வலது பக்கம் கடந்து, தெருமுனையில் மறைந்தது. யாராவது கேட்டிருந்தால், கண்ணைத் திறக்காமலே சைக்கிள் போகும் வழியை விரல் நீட்டிக் காட்டியிருப்பேன். கீரைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

காது முழுசாகத் திரும்பவில்லை, கொஞ்சம் மந்தம்தான். ஆனாலும் யாராவது கூப்பிட்டதும், யோசிக்காமலே தலை சரியான பக்கம் திரும்பும்போது, இவ்வளவு பெரிய அதிசயத்தை இத்தனை வருஷம் தெரியாமலே சுமந்து திரிந்தேனே என்று இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.